நகரக் குப்பையும் நம் நிலமும்
உரக்கிடங்கு ஆய்வு பற்றி அங்கத்தினர்கள் அறிய வேண்டியவை

நம் கிராமங்களில் குப்பை என்ற சொல்லுக்கு எரு என்பதே பொருள். "வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா?" என்று ஒருவர் கேட்டால், தொழுவில் சேர்ந்த சாணமும் கூளமும் வண்டியேறி நிலத்துக்குப் போயினவா என்பதே அவர் கேட்கும் கேள்வி. நகரத்தில் இதே சொல் வேண்டாத பொருளைக் குறிக்கிறது. இவ்விரண்டு பொருள்களும் இன்று ஓரிடத்தில் வந்து சந்திக்கின்றன. மாடுகள் குறைந்து தொழுவுரம் கிடைப்பது அரிதாகிவிட்ட காலத்தில், நகரக் குப்பையை மக்கச் செய்து கம்போஸ்டு உரமாக்கி விவசாயிகளுக்கு அளிக்கும் முயற்சி நாடெங்கும் நடைபெறுகிறது.

அவ்வுரத்தை நம் சங்கங்கள் வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது, உரக்கிடங்கை அடுத்துக் கிணறு வைத்திருப்பவருக்கு என்ன பாதுகாப்பு உண்டு, கிடங்கைச் சோதிக்கும் அதிகாரிகள் எவற்றைச் சோதிக்கிறார்கள் என்பன அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள். நிலம் ஒரு முறை கெட்டால் ஒரு பருவத்தில் திருந்துவதில்லை. ஆதலின் இவற்றுக்கு விடை அறிந்து கொண்ட பின்னரே சங்கம் தீர்மானம் நிறைவேற்றுவது முறை.

குப்பை செல்லும் இரு வழிகள்

மக்கும் பொருள் எதுவாயினும் அது சிதைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. காற்றோட்டம் உள்ள இடத்தில், போதிய ஈரத்துடன் நுண்ணுயிர்கள் அதைத் தின்று செரித்தால், வெப்பம் உண்டாகி, நாற்றம் நீங்கி, கரிய எருவாகிறது. காற்றுப் புகாதபடி ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி அமுக்கிவிட்டால், வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. அப்போது தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயுவும், அழுகல் நாற்றமும், அடியில் கசியும் கரிய நீரும் தோன்றுகின்றன. முதலாவது உரக்குவியல், இரண்டாவது குப்பை மேடு. மூலப்பொருள் ஒன்றே. கையாளும் முறையினால் ஒன்று செல்வமாகவும் மற்றொன்று தொல்லையாகவும் ஆகின்றன.

இந்த உண்மையை விஞ்ஞான முறையில் நிலைநாட்டுவதற்கு நம் நாடே களமாக இருந்தது. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற விவசாய விஞ்ஞானி இந்தூரில் நடத்திய ஆராய்ச்சிகளின் பயனாக 'இந்தூர் முறை' உருவாயிற்று. 1931 இல் அவரும் யஷ்வந்த் வாட் என்பவரும் அதனை நூலாக வெளியிட்டனர். அடுத்து பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் ஆசார்யா, நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு மக்கவைக்கும் 'பெங்களூர் முறை'யை வகுத்தார். நகராட்சிகள் பல தத்தம் குப்பை கொட்டும் இடத்துக்கு 'உரக்கிடங்கு' என்று பெயரிட்டதில் இந்த நம்பிக்கை அடங்கியுள்ளது. ஆயினும் பிற்காலத்தில் பிளாஸ்டிக்கும், மின்கலங்களும், உடைந்த கண்ணாடியும், வர்ணப் பூச்சு டப்பாக்களும் வீட்டுக் குப்பையிலேயே கலந்து வரத் தொடங்கின. பல ஊர்களில் உரக்கிடங்கு என்ற பெயர் மட்டும் நிலைத்து, குப்பை மேடு வளர்ந்தது.

நம் வட்டாரத்தின் நிலை

நாம் இங்குப் புதுக்கோட்டை என்று குறிப்பிடுவது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையிலுள்ள நம் ஊரையே. மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டையை அன்று. தாமிரபரணியின் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வரும் வடகால் நீர் கோரம்பள்ளம் குளத்தில் முடிவடைகிறது. அக்கால்வாய்ப் பகுதியில் வாழையும் நெல்லும், அதற்கு அப்பாலுள்ள கரிசல் மேட்டில் மானாவாரிப் பருத்தியும், உளுந்தும், பாசியும், சோளமும் விளைகின்றன. கடலோரத்தில் உப்பளங்கள். அவற்றுக்கு எதிரே மன்னார் வளைகுடாவின் தீவுகள். முத்துக்குளிப்பு 1961 உடன் நின்றுபோயினும் சங்கும் மீனும் இன்றும் பல குடும்பங்களைக் காத்து வருகின்றன. தூத்துக்குடி மாநகராட்சியின் உரக்கிடங்கு நகருக்கு வடக்கே, இக்கடற்கரையிலுள்ள தருவைக்குளத்தில் அமைந்துள்ளது.

இத்தகைய நில அமைப்பில் கழிவு ஓரிடத்தில் கொட்டப்பட்டால் அது அங்கேயே நின்றுவிடுவதில்லை. மேட்டிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து கடலுக்கும், மண்ணின் அடியில் கிணற்றுக்கும் அது வழி தேடுகிறது.

இதற்கு எடுத்துக்காட்டு நம் ஊர்ப் பெயரோடு சேர்ந்தே வரலாற்றில் பதிந்துவிட்டது. புதுக்கோட்டையை அடுத்த உப்பாற்று ஓடைக் கரையில், பட்டா நிலத்தில், தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் தாமிரக் கசடு பெருமளவில் கொட்டப்பட்டது. 2018 ஏப்ரல் 9 அன்று தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அவ்வாலைக்கு இசைவைப் புதுப்பிக்க மறுத்தபோது ஐந்து காரணங்களைக் கூறியது. நிலத்தடி நீர்ப் பரிசோதனை அறிக்கைகள் அளிக்கப்படவில்லை என்பது ஒன்று. உப்பாற்றங்கரையிலுள்ள கசட்டை அகற்றவில்லை, கசட்டுக்கும் ஆற்றுக்கும் இடையே தடுப்பு எழுப்பவில்லை என்பது மற்றொன்று. அபாயகரமான கழிவுகளைக் கையாளும் அனுமதி காலாவதியானது, காற்றில் ஆர்சனிக் அளவு பரிசோதிக்கப்படாதது, ஜிப்சக் குட்டை விதிப்படி கட்டப்படாதது ஆகியவை ஏனைய மூன்று. கசடு அபாயகரமான பொருளன்று என்று ஆலைத் தரப்பினர் வாதிட்டனர். 2018 மே 28 அன்று மாநில அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. 2020 ஆகஸ்டு 18 இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29 இல் உச்ச நீதிமன்றமும் ஆலையின் வழக்கை ஏற்கவில்லை.

ஆலை வழக்கின் மற்றப் பகுதிகள் இக்கட்டுரைக்கு வேண்டுவதில்லை. நாம் கவனிக்க வேண்டியது அக்காரணங்களின் தன்மையை. ஐந்தில் இரண்டு ஏட்டைப் பற்றியவை: அளிக்கப்படாத அறிக்கை, புதுப்பிக்கப்படாத அனுமதி. கணக்குப் புத்தகம் எழுதாத சங்கத்தில் கையிருப்பு சரியாக உள்ளதா என்ற கேள்வியே எழ முடியாதது போல, கிணற்று நீரைச் சோதித்துப் பதிவு செய்யாத இடத்தில் நீர் கெடவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

சட்டம் வளர்ந்த வரலாறு

நகரக் குப்பை பற்றிய விதிகள் தாமாகத் தோன்றவில்லை. 1996 இல் அல்மித்ரா படேல் என்ற அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக ஒரு குழு அமைக்கப்பெற்றது. அதனைத் தொடர்ந்து 2000 ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வெளியாயின. அவற்றின் இடத்தில் 2016 ஏப்ரலில் விரிவான திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. அதே வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டு, 2016 டிசம்பர் 22 அன்று, குப்பையை வெளியில் எரிப்பது தடை செய்யப்பட்டது. எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் செலுத்த வேண்டும் என்பது தீர்ப்பு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய திடக்கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இவை வீட்டிலேயே கழிவை நான்காகப் பிரிக்கும்படி கூறுகின்றன: ஈரக்கழிவு, உலர்கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக்கவனத்துக்குரிய கழிவு.

கிடங்கை நடத்தும் பொறுப்பு உள்ளாட்சி மன்றத்தினுடையது. அதற்கு அனுமதி வழங்கிச் சோதிக்கும் பொறுப்பு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தினுடையது. வாரியத்தின் அதிகாரிகளுக்கு இடத்தில் நுழையவும், ஏடுகளைப் பார்க்கவும், மாதிரி எடுக்கவும் 1974 ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் அதிகாரம் தருகிறது. நம் துறையில் 1983 ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் தணிக்கை, விசாரணை, ஆய்வு ஆகிய மூன்றையும் தனித்தனியே வகுத்திருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். உரக்கிடங்கு ஆய்விலும் அந்த மூன்றின் சாயலையும் காணலாம்.

ஆய்வாளர் பார்ப்பது என்ன?

முதலாவது, வாசலும் எடை மேடையும். எத்தனை வண்டிகள் வந்தன, எத்தனை டன் இறங்கியது, அதில் எவ்வளவு பிரித்த ஈரக்கழிவு, எவ்வளவு கலந்த குப்பை என்பதைப் பதிவேடு சொல்ல வேண்டும். இங்கு நம் சங்கக் கணக்கர்களுக்குப் பழக்கமான கேள்வியே எழுகிறது. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு எங்கே? ஈரக்கழிவில் பெரும்பகுதி நீர். மக்கும்போது நீர் ஆவியாகி, கரிப்பொருளின் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே நூறு டன் ஈரக்கழிவுக்குச் சுமார் கால் பங்கு உரம் கிடைப்பது இயல்பு. நூறு டன்னுக்கு எழுபது டன் உரம் விற்றதாக ஏடு சொன்னால் அதில் மண்ணும் பழங்குப்பையும் கலந்துள்ளன என்று கொள்ளலாம். நூறு டன்னுக்கு இரண்டு டன் மட்டுமே உரமென்றால் மீதி எங்கோ கொட்டப்படுகிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, தரை. குவியல்கள் வெறும் மண்மீது இருக்கலாகாது. 2016 விதிகளின் அட்டவணைப்படி, தரை கான்கிரீட்டாகவோ 50 சென்டிமீட்டர் கனமுள்ள கெட்டிப்பட்ட களிமண்ணாகவோ இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் சரிவு வேண்டும். சுற்றிலும் கசிவுநீரைச் சேர்க்கும் காரையிட்ட வாய்க்கால் வேண்டும். நம் களத்துமேட்டில் சாணம் மெழுகி, ஒரு பக்கம் வாட்டம் கொடுப்பதைப் போன்றதே இது. காரணம் மட்டும் வேறு. களத்தில் தானியம் நனையாமல் காக்கிறோம். இங்குக் கீழேயுள்ள நீரைக் காக்கிறோம்.

மூன்றாவது, குவியலின் வெப்பம். நல்ல குவியலில் ஈரம் நூற்றுக்கு 50 முதல் 60 வரை இருக்கும். கைநிறைய எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும்; ஒழுகலாகாது. உள் வெப்பம் 55 டிகிரிக்கு மேல் ஏறி, பதினைந்து நாட்கள் அந்நிலையில் இருந்து, அதற்குள் ஐந்து முறையேனும் புரட்டப்பட்டால், நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் மடிந்துவிடும். ஆகையால் ஒவ்வொரு குவியலுக்கும் தொடங்கிய தேதி, புரட்டிய தேதிகள், வெப்ப அளவு ஆகியவற்றைக் காட்டும் அட்டை இருக்கிறதா என்று ஆய்வாளர் பார்ப்பார். அட்டையில் எல்லா நாளும் ஒரே எண் எழுதப்பட்டிருந்தால் அது அளந்து எழுதியதன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான்காவது, மக்காத மீதியைப் புதைக்கும் நிலம். இதற்கு விதிகள் கடுமையானவை. 2016 அட்டவணையின்படி இப்புதைநிலம் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், குடியிருப்பு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் விலகியிருக்க வேண்டும். அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் படுகையும், அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள நீர்புகா விரிப்பும் வேண்டும். நிலத்தடி நீர் எவ்வளவு உயர்ந்தாலும் அப்படுகைக்கு இரண்டு மீட்டர் கீழே நிற்க வேண்டும். அன்றன்று கொட்டியதை 10 சென்டிமீட்டர் மண்ணாவது போட்டு மூட வேண்டும். மழைக்கு முன் 40 முதல் 65 சென்டிமீட்டர் வரை மூடி, நீர் ஓடிப்போக வழி செய்ய வேண்டும். நிலம் நிரம்பி மூடிய பின்னரும் பதினைந்து ஆண்டுகள் அதைக் கண்காணிக்க வேண்டும்.

ஐந்தாவது, வாயு. மீத்தேன் காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கை எட்டினால் வெடிக்கும் நிலையை அடைகிறது. புதைநிலத்தில் அது அந்த அளவின் கால் பங்கைத் தாண்டலாகாது என்பது விதி. இதனை அலட்சியம் செய்த இடங்களில் நேர்ந்தது என்ன என்பதை அண்டை மாநிலம் காட்டியது. 2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரமபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ பல நாட்கள் எரிந்து நகரையே புகையில் ஆழ்த்தியது. கொச்சி மாநகராட்சிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. குப்பை மேட்டின் உயரமும் ஆபத்தே. 2017 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியதில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆறாவது, கிணறு. கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள நிலத்தடி நீரை மழைக்கு முன்பும், மழைக்காலத்திலும், மழைக்குப் பின்பும் சோதிக்க வேண்டும் என்பது 2016 அட்டவணையின் விதி. இதில் ஒரு நுட்பம் உண்டு. கிடங்கு தொடங்கும் முன் அந்த நீர் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிடில் பின்னர் எடுக்கும் அளவுகளை எதனோடு ஒப்பிடுவது? கடலோரக் கிணற்றில் உப்பு இயல்பாகவே இருக்கலாம்; கிடங்கினாலும் ஏறலாம். இரண்டையும் பிரித்தறிய, கிடங்குக்கு மேற்புறமுள்ள கிணறு ஒன்றையும் கீழ்ப்புறமுள்ள கிணறு ஒன்றையும் சேர்த்துச் சோதிப்பதே வழி.

மாதிரி எடுக்கும் முறை

கழிவுநீர் மாதிரி எடுப்பதற்கு நீர்ச் சட்டம் ஒரு முறை வகுத்துள்ளது. கிடங்கின் பொறுப்பாளருக்கு அவ்விடத்திலேயே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, அதை இரண்டாகப் பங்கிட்டு, இரண்டையும் முத்திரையிட்டு, இருதரப்பினரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரியத்தின் ஆய்வகத்துக்குச் செல்கிறது. பொறுப்பாளர் கேட்டால் மற்றது வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். இம்முறை வழுவினால் அந்த மாதிரியின் முடிவு நீதிமன்றத்தில் சாட்சியமாகாது.

இதனை வெறும் சடங்கென்று எண்ணலாகாது. பஞ்சு வாங்கும்போது மாதிரியைப் பங்கிட்டு வைத்துக் கொள்ளாத சங்கம், பின்னர்த் தரம் குறைந்தது என்று வாதாடி வென்றதில்லை. முத்திரையும் கையெழுத்தும் வாங்குபவர், விற்பவர் இருவரையுமே காக்கின்றன. வெளியேறும் கசிவுநீர் நீர்நிலைக்குச் செல்வதானால், லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் உயிர்வழி ஆக்சிஜன் தேவையும், 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்புக்களும், 1,000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடும் இருக்கலாகாது என்பது 2016 அட்டவணை.

மழையை மறந்த திட்டம்

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது பத்து லட்சம் லிட்டர் நீர். மூடாத குப்பைமேல் பெய்யும் நீரில் ஒரு பகுதி கசிவுநீராகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஹெக்டேருக்கு இது 95 லட்சம் லிட்டர். நம் மாவட்டத்தின் ஓராண்டு மழையைவிட அதிகமான அளவு ஒரே நாளில் கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைப்பெடுத்ததும், தூத்துக்குடித் தெருக்களில் பல நாட்கள் நீர் நின்றதும் அங்கத்தினர்கள் நேரில் கண்டவை.

வழக்கமான வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் கட்டிய கசிவுநீர்த் தொட்டி இத்தகைய நாளில் நிரம்பி வழியும். அவ்வாறு வழிந்தால் நீர் எத்திசையில் செல்லும், அத்திசையில் யார் வயல், யார் உப்பளம், எந்தக் குளம் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடங்கின் வரைபடத்தில் இருக்க வேண்டும். புரட்டாசி பிறப்பதற்கு முன் மேடு மூடப்பட்டதா, மழைநீரைத் திருப்பிவிடும் சுற்று வாய்க்கால் தூர் வாரப்பட்டதா என்பதையே நம் பகுதியில் ஆய்வின் முதற் கேள்வியாக வைக்கலாம்.

உரத்தின் தரம்: எண்கள் கூறுவது

மூட்டையில் வரும் நகரக் கம்போஸ்டுக்கு விதிகள் வகுத்த அளவுகளில் முக்கியமானவற்றை அங்கத்தினர்கள் குறித்துக் கொள்ளலாம். ஈரம் நூற்றுக்கு 15 முதல் 25 வரை. தழைச்சத்து குறைந்தது 0.8, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தலா 0.4. அங்ககக் கரிமம் 12க்குக் குறையாமல். கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 20க்குக் கீழ். கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை. உப்பைக் காட்டும் மின்கடத்து திறன் 4க்கு மேற்படாமல். நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். துர்நாற்றம் கூடாது. கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் ஈயம் 100, காட்மியம் 5, குரோமியம் 50, தாமிரம் 300, பாதரசம் 0.15 ஆகியவை உச்ச வரம்பு.

இவற்றின் பொருளைச் சற்று விரித்துப் பார்ப்போம். தழைச்சத்து 0.8 என்றால் ஒரு டன் உரத்தில் 8 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து உண்டு. ஆகவே யூரியாவுக்கு ஈடாக எண்ணிக் கம்போஸ்டு வாங்குவது கணக்குப் பிழை. அதன் பயன் வேறு: மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்து வைத்து, இட்ட உரம் வீணாகாமல் பயிருக்குக் கிடைக்கச் செய்வது. கரிசலில் மழை தவறும் ஆண்டில் இந்தக் குணமே பயிரைக் காக்கும்.

ஈரம் 25க்குப் பதில் 40 இருந்தால், டன்னுக்கு 150 கிலோ தண்ணீருக்கு நாம் அதிக விலை கொடுக்கிறோம். கரிம விகிதம் 20க்கு மேலிருந்தால் உரம் முழுதும் மக்கவில்லை. அதை வயலில் இட்டால் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொண்டு, பயிர் மஞ்சளாகும். உப்பளவு பற்றி நம் வட்டாரத்தார்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. ஏற்கெனவே உவர்க்கும் கிணற்று நீரைப் பாய்ச்சும் வாழைக்கு உப்பேறிய உரம் இரட்டைத் துன்பம்.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் வேண்டுவது உலோகங்களே. ஈயம் உச்ச வரம்பில், அதாவது 100 மில்லிகிராம் இருக்கும் உரத்தின் ஒரு டன்னில் 100 கிராம் ஈயம் உண்டு. ஏக்கருக்கு ஐந்து டன் இட்டால் அரைக் கிலோ. ஆண்டுதோறும் பத்து ஆண்டுகள் இட்டால் ஐந்து கிலோ. தழைச்சத்துப் போல இது பயிரால் தீர்ந்துபோவதில்லை, மண்ணிலேயே தங்குகிறது. வரம்புக்கு உட்பட்டது என்ற சான்று ஓராண்டுக்குப் போதும். நீண்ட காலம் வாங்க எண்ணும் சங்கம் வரம்புக்கு வெகு கீழே உள்ள உரத்தையே நாட வேண்டும். பிரித்து வாங்கிய ஈரக்கழிவிலிருந்து செய்த உரம் இத்தகையதாக இருக்கும். பழைய குப்பை மேட்டைத் தோண்டிச் சலித்தெடுக்கும் மண்ணை உரம் என்று கூறினால், தனியே சோதிக்காமல் உணவுப் பயிருக்கு இடலாகாது. பழங்குப்பையை அகற்றி நிலத்தை மீட்கும் அப்பணி நல்லதே. ஆனால் அதில் கிடைக்கும் மண் வேறு, கம்போஸ்டு வேறு.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, மொத்தமாக வாங்கும் முன், குவியல் எண், தயாரித்த தேதி, ஆய்வக முடிவு ஆகிய மூன்றையும் எழுத்தில் பெறுதல் வேண்டும். ஆய்வக முடிவு நாம் வாங்கும் அந்தக் குவியலுக்கே உரியதாக இருக்க வேண்டும். சென்ற ஆண்டுச் சான்றின் நகல் பயன்படாது. சுமை இறங்கும்போது பல மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, இரண்டு பொட்டலமாக முத்திரையிட்டு, ஒன்றைச் சங்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, செலவில்லாத மூன்று சோதனைகளைச் சங்க அலுவலகத்திலேயே செய்யலாம். சற்று நனைத்த உரத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் வைத்துத் திறந்தால் மண் வாசனை வர வேண்டும். அழுகல் நாற்றம் வந்தால் உரம் முதிரவில்லை. ஒரு சட்டியில் வயல் மண்ணும், மற்றொன்றில் உரம் கலந்த மண்ணும் இட்டு, இரண்டிலும் எண்ணிய பாசிப்பயறு விதைகளைப் போட்டால், முளைப்பில் வேறுபாடு நான்கைந்து நாட்களில் தெரிந்துவிடும். ஒரு கிலோவைச் சல்லடையில் இட்டு மேலே நிற்கும் கண்ணாடித் துண்டையும் பிளாஸ்டிக்கையும் நிறுத்துப் பார்க்கலாம். நாற்று நடுவோர் வெறுங்காலோடு இறங்கும் வயல் இது என்பதை மறத்தலாகாது.

மூன்றாவதாக, கிடங்கின் ஆண்டறிக்கையும் கிணற்று நீர்ச் சோதனை முடிவுகளும் பொது ஆவணங்கள். 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மாநகராட்சியிடமோ மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடமோ எவரும் கேட்கலாம். பொதுவாக முப்பது நாட்களில் பதில் வர வேண்டும். கிடங்கை அடுத்த ஊர்களில் நிலம் உள்ள அங்கத்தினர்கள் தத்தம் கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், சோதித்து முடிவுகளைச் சங்கப் பதிவேட்டில் எழுதி வைப்பது நலம். பின்னொரு நாளில் முறையிட நேர்ந்தால் அந்தப் பதிவேடே அவர்களுக்கு வழக்கறிஞர்.

நான்காவதாக, நெசவாள அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாயமிடாத பருத்திக் கழிவும் கஞ்சிப் பசையும் மக்கும் பொருள்கள். அவை ஈரக்கழிவோடு போகலாம். சாயம் ஏறிய நூல், செயற்கை இழை, ஜரிகைத் துண்டு ஆகியவை உலர்கழிவில் சேர வேண்டியவை. தாமிரக் கம்பி கலந்த ஜரிகையும், சாயப் பொட்டலத்தின் மிச்சமும், தீர்ந்த மின்கலமும், உடைந்த குழல் விளக்கும் ஒரே கூடையில் விழுந்தால், அவற்றிலுள்ள உலோகம் இன்னொரு அங்கத்தினரின் வாழைத் தோட்டத்துக்கு உரமாகச் சென்று சேரும். தறியில் அமர்ந்திருப்பவரும் ஏரைப் பிடித்திருப்பவரும் ஒரே சங்கத்தின் பங்குதாரர்கள். ஒருவர் வீட்டுக் கூடையும் மற்றவர் வயலும் இவ்வழியில் இணைந்துள்ளன.

ஆய்வு என்றதும் அஞ்சுவதும், ஆய்வு முடிந்ததும் மறப்பதும் நம்மிடையே உள்ள பழைய வழக்கம். அரசு அலுவலர் ஆண்டில் சில நாட்களே கிடங்குக்குச் செல்கிறார். குப்பையோ ஆண்டின் எல்லா நாட்களிலும் சென்று சேர்கிறது. மீதி நாட்களில் பார்க்கும் கண் அருகிலிருக்கும் மக்களுடையதாகவே இருக்க முடியும். கேள்வி கேட்டு, மாதிரி பிரித்து, ஏட்டில் எழுதி வாங்கும் சங்கம் ஒன்று இருக்குமானால், நல்ல உரம் செய்யும் கிடங்குக்கு நல்ல விலையும், கவனமின்றிச் செய்யும் கிடங்குக்குத் திருந்தும் அவசியமும் ஏற்படும். வரும் பொதுக்குழுவில் உரக் கொள்முதலை ஆலோசிக்கும் சங்கங்கள், விலையைக் கேட்பதற்கு முன் குவியலின் ஆய்வக முடிவைக் கேட்பது என்ற ஒரு விதியையேனும் தீர்மானமாக நிறைவேற்றிக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.